பிள்ளையை நம்பி விட்ட இடம்: பேராதனை விடுதிகளின் வரலாறு



சென்ற ஆண்டு ஒரு நாள், பாடசாலை கலைந்த பின்னர், தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அனுமதிக் கடிதத்தை என் மேசைமேல் வைத்த அத்தாயின் முகத்திலே மகிழ்ச்சியைக் காட்டிலும் கலக்கமே மிகுந்திருந்தது. "படிப்பப் பத்தி எனக்குப் பயமில்ல சேர். ராவுல புள்ள எங்க படுக்கும்? யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

பட்டத்தைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் விடை கூற ஆயத்தமாயிருந்த எனக்கு, இவ்வினாவுக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் அமைதியாகச் சிந்தித்தபோது, இஃது அத்தாயின் வினா மட்டுமன்று, இந்நாட்டு உயர்கல்வியின் வரலாற்றோடு பிறந்த வினா என்பது புலனாயிற்று. அவ்வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இலங்கைக்கெனத் தனியாக ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்ற கோரிக்கையை ஓர் இயக்கமாக்கியவர்களுள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். 1906ஆம் ஆண்டிலே இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கம் தோன்றியது. அதன் முயற்சியின் முதற் பயனாக 1921ஆம் ஆண்டிலே கொழும்பு தேஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படித்தவர்கள் எழுதியதோ இலண்டன் சர்வகலாசாலைப் பரீட்சை. முழுமையான சர்வகலாசாலையைக் காணாமலே 1924ஆம் ஆண்டில் அருணாசலம் அவர்கள் மறைந்தார்கள்.

அக்காலத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் கொழும்பிலே எங்கு தங்கினார்கள்? கல்லூரியைச் சார்ந்தும் சமய நிறுவனங்களைச் சார்ந்தும் சில விடுதிகள் இருந்தன. அவற்றில் இடம் பெறாதவர்கள் உறவினர் வீடுகளை நாடினார்கள். அல்லது பணம் கொடுத்துப் பிறர் வீடுகளிலே அறை பிடித்தார்கள். கொழும்பிலே உறவோ பணமோ இல்லாத பெற்றோருக்கு அக்கல்லூரி எட்டாத தொலைவிலேயே இருந்தது.

இந்நிலையிலேதான், சர்வகலாசாலை அமையவேண்டிய இடத்தைப் பற்றிய பெரும் விவாதம் எழுந்தது. வைத்தியக் கல்லூரியும் பெரிய வைத்தியசாலையும் நீதிமன்றங்களும் கொழும்பிலேயே உள்ளன; ஆதலால் சர்வகலாசாலையும் அங்கேயே இருக்கட்டும் என்றனர் ஒரு சாரார். மலைநாட்டிலே, மாணவரும் ஆசிரியரும் ஒரே சூழலில் உடனுறைந்து கற்கும் இடமாக அஃது அமையவேண்டும் என்றனர் மறு சாரார். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன அவர்கள் கண்டிப் பக்கத்துக்காக வலுவாக வாதாடினார்கள். நீதியரசர் எம். டி. அக்பர் அவர்களும் அப்பக்கமே நின்றார்கள். முதலிலே தும்பறைப் பள்ளத்தாக்கு பேசப்பட்டது. இறுதியில், 1938ஆம் ஆண்டிலே பேராதனை தெரிவாயிற்று.

இவ்விவாதத்தை வெறும் நிலத் தகராறு என்று எண்ணிவிடலாகாது. விரிவுரை கேட்டுவிட்டு வீடு திரும்பும் இடமா, பிள்ளை வாழ்ந்து வளரும் இடமா சர்வகலாசாலை என்பதே அங்கே எழுந்த வினா. இரண்டாவதையே நாடு தெரிந்தது. தெரிந்த அன்றே அது பெற்றோருக்கு ஒரு வாக்குறுதியும் அளித்துவிட்டது. "உங்கள் பிள்ளைகளை எங்களிடம் விடுங்கள், படிப்புக்கு மட்டுமன்று, இரவுக்கும் பகலுக்கும் நாங்கள் பொறுப்பு" என்பதே அவ்வாக்குறுதியின் பொருள்.

1941ஆம் ஆண்டிலே ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள் கல்லூரியின் தலைவராக இங்கு வந்தார்கள். 1942ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி இலங்கைச் சர்வகலாசாலை பிறந்தபோது அவர்களே முதல் உபவேந்தரானார்கள். அப்போது மாணவர் தொகை ஏறத்தாழ 900. யுத்தகாலமாதலால் பேராதனைக் கட்டட வேலைகள் தாமதித்தன. பற்றிக் அபர்குரோம்பி என்ற புகழ்பெற்ற நகரமைப்பு அறிஞர் வகுத்த திட்டத்தையொட்டி, கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் அவர்களின் வரைபடங்கள் ஹந்தானை மலைச்சாரலிலும் மகாவலி கங்கைக் கரையிலும் உருப்பெற்றன. 1952ஆம் ஆண்டிலே கலைப்பீடம் கொழும்பிலிருந்து அங்கே பெயர்ந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, எலிசபெத் மகாராணியார் முன்னிலையில், எடின்பரோ கோமகன் அதனை முறைப்படி திறந்து வைத்தார்.

அருணாசலம், ஜயதிலக்க, ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தை, இராமநாதன், மார்ஸ், ஜேம்ஸ் பீரிஸ், அக்பர், விஜேவர்தன என்று விடுதிகளின் பெயர்களை ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிமும் ஆங்கிலேயரும், பௌத்த வரலாற்றிலே இடம்பெற்ற ஓர் அரசகுமாரியுங்கூட அங்கே அயலவராய் நிற்கக் காணலாம். ஒவ்வொரு விடுதிக்கும் உணவுமண்டபமும் பொதுவறையும் இருந்தன. விரிவுரையாளர் ஒருவரே விடுதிப் பொறுப்பாளராக விளங்கினார். எந்த மாணவன் உணவுக்கு வரவில்லை, எந்த மாணவிக்குக் காய்ச்சல் என்பதை அறிந்திருப்பது அவருடைய கடமை.

இதற்கிடையில் நாட்டிலே வேறொரு பெருமாற்றம் நிகழ்ந்திருந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, சர்வகலாசாலையைக் கனவிலும் காணாத குடும்பங்களின் பிள்ளைகள் பேராதனைப் படலையைக் கடந்து உள்ளே வந்தார்கள். கமக்காரனின் மகனும் கடற்றொழிலாளியின் மகளும் தமக்கென ஒரு மேசையையும் ஒரு விளக்கையும் முதன்முதலாகக் கண்டது பல வேளைகளில் அவ்விடுதி அறைகளிலேதான்.

உடனுறைந்து வாழ்ந்ததனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று கூறுவேன். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை மெருகூட்டிப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார்கள். கர்ணன் போர், இராவணேசன் முதலியன அவ்வாறு எழுந்தவை. இராவணனாக ஆடிப் புகழ்பெற்ற சி. மௌனகுரு அவர்கள் அன்று அங்கே மாணவர். மாலை மங்கியதும் பேருந்து பிடித்து வீட்டுக்கு ஓடவேண்டிய மாணவர்களைக் கொண்டு இரவிரவாகக் கூத்துப் பழக்க முடியுமா? ஊர்க் களரி சர்வகலாசாலை மேடைக்கு வந்ததிலே விடுதிகளுக்கும் பங்குண்டு.

நேயர்களே, நானும் 1990களின் தொடக்கத்தில் அவ்விடுதிகளுள் ஒன்றிலே வாழ்ந்தவன். லயக் காம்பராவிலே பிறந்த என்னைத் தகரப்பெட்டியோடு பதுளைப் புகையிரதத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, பேராதனைச் சந்தியிலே இறக்கியவர் என் தந்தையார். முதல் தவணையிலேயே எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. என் அறைத்தோழன் குருநாகல் பக்கத்துக் கமக்காரர் ஒருவரின் மகன், தமிழ் அறியாதவன். நள்ளிரவிலே அவன் சென்று உபபொறுப்பாளரை எழுப்பினான். இருவருமாக என்னை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். விடிந்ததும் தோட்டத்துக்குத் தந்தி போயிற்று. மறுநாள் வந்த தந்தையார் என்னைக் கண்டு ஆறுதலடைந்த பின், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "அந்த ஐயாவுக்கு ஒம் பேரு தெரிஞ்சிருக்கே!"

அச்சொல்லிலேதான் விடுதியின் முழுப் பொருளும் அடங்கியுள்ளது என்று இன்று எண்ணுகின்றேன். பிள்ளையின் பெயரை அறிந்த ஒருவர் அருகிலிருந்தால் அது விடுதி. இல்லையேல் அது கட்டில்கள் அடுக்கிய கட்டடம்.

வரலாற்றை நேர்மையாகக் கூறுவதானால், அவ்வாக்குறுதி உடைந்த நாள்களையும் கூறவேண்டும். 1960ஆம் ஆண்டு முதல் கலைப்பாடங்கள் தாய்மொழிகளிலே கற்பிக்கப்படலாயின. மாணவர் தொகை சில ஆண்டுகளுள் பன்மடங்காயிற்று. இது நன்மையே. ஆயின் அவ்வேகத்துக்கு ஈடாக விடுதிகள் எழவில்லை. அறைகள் நெருங்கின. எல்லாரும் விடுதியில் வாழ்வர் என்ற தொடக்க எண்ணம் தளர்ந்தது. பெயர் அறிந்து பழகிய இடத்திலே, எண் பார்த்துக் கட்டில் ஒதுக்கும் முறை வந்தது.

கண்காணிப்பு மெலிந்த இடத்திலே பகிடிவதை வேரூன்றியது. 1975ஆம் ஆண்டிலே, அதனின்றும் தப்புவதற்காக இராமநாதன் விடுதி மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி, எழுந்து நடக்க இயலாதவராய்த் தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1983ஆம் ஆண்டு மே மாதத்திலே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டுப் பேராதனை வளாகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அருணாசலத்தின் பெயர் தாங்கிய விடுதி நிற்கும் மண்ணிலே அது நிகழ்ந்தது. 1997ஆம் ஆண்டிலே பொறியியற்பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து உயிர் துறந்தார். நம்பி அனுப்பிய பெற்றோர் பிள்ளையின் உடலைப் பெற்றுத் திரும்பினர். மறு ஆண்டு, 1998இலே, பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கடுங்காயம் விளைவிப்போருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது.

சட்டம் வேண்டியதே. ஆயின் குற்றம் நிகழ்ந்த பின்னரே சட்டம் அறைக்குள் வருகின்றது. நள்ளிரவிலே கதவைத் தட்டினால் திறப்பவர் ஒருவர் வேண்டும். விடுதிக்கு ஒரு மாடி கூட்டும்போது, அம்மாடியிலுள்ளோரின் பெயரறிந்த ஒருவரையும் கூட்டவேண்டும். பேராதனையை வகுத்த முன்னோர் அறிந்திருந்த இவ்வுண்மையை நாம் செலவுக் கணக்கிலே மறந்துவிடலாகாது.

அத்தாய்க்கு நான் என்ன கூறினேன்? "அம்மா, மகளோடு நீங்களும் போங்கள். பொறுப்பாளர் யார் என்று கேட்டு நேரிற் காணுங்கள். அவர் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாருங்கள். உங்கள் மகளின் பெயரை அவர் வாயாற் சொல்லக் கேட்டுவிட்டுத் திரும்புங்கள். யாரேனும் துன்புறுத்தினால் மறைக்கலாகாது என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்" என்றேன். வெட்கப்படாமல் கேட்கலாமா என்று அவர் தயங்கினார். பல பத்தாண்டுகளுக்கு முன்னரே நாடு அளித்த வாக்கு அது; கேட்பது உங்கள் உரிமை என்றேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் மீண்டும் வந்தார். கையிலே மடித்த ஒரு காகிதம். அதிலே ஒரு பெயரும் ஓர் இலக்கமும் இருந்தன. "சொன்னாங்க சேர், புள்ள பேர சரியா சொன்னாங்க" என்றார்.

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒவ்வொருவரும் அத்தகைய ஒரு காகிதத்தோடு வீடு திரும்பவேண்டும் என்பதே என் விருப்பம்.