மாற்று மழலையர் கல்வி முறைகள்

பாடநூல், தேர்வு ஆகியவற்றுக்கு இடம் தராமல், விளையாட்டு, கைவேலை, புலன்பயிற்சி ஆகியவற்றின் வழியே சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறைகள். மாண்டிசோரி, வால்டோர்ஃப், ரெஜ்ஜியோ எமிலியா ஆகிய மூன்றும் இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

முன்னோடி: ஜெர்மானியரான ஃபிரீட்ரிஷ் ஃப்ரோபெல் 1837-ல் பாட் பிளாங்கன்பர்க்கில் மழலையர் நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்டார். வண்ணக் கம்பளிப் பந்துகள், மர உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவற்றை வரிசை முறைப்படி குழந்தைகளுக்குக் கொடுத்தார். பிரஷ்ய அரசு 1851-ல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. 1860-ல் தடை நீங்கியது.

மாண்டிசோரி: மருத்துவரான மரியா மாண்டிசோரி (1870–1952), ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லோரென்சோவில் 1907 ஜனவரி 6 அன்று தம் முதல் பள்ளியைத் திறந்தார். அவருடைய கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளில் பத்து உருளைகளைச் செருகும் மரக்கட்டை. ஓர் உருளையை அதற்குரியதல்லாத பெரிய குழியில் செருகினால், கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் எஞ்சும். குழந்தை தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும். ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. எழுதத் தொடங்குமுன் உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகுவதும் உண்டு.

பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார்.

வால்டோர்ஃப்: 1919-ல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் அமைத்த பள்ளியிலிருந்து வளர்ந்தது. கதை, பாட்டு, சமையல், கைவேலை என அன்றாட ஒழுங்கில் குழந்தை பெரியவர்களைப் பார்த்துக் கற்கிறது. ஏறத்தாழ ஏழு வயதுக்கு முன் எழுத்தோ வாசிப்போ முறையாகக் கற்பிக்கப்படுவதில்லை.

ரெஜ்ஜியோ எமிலியா: 1945-ல் போர் முடிந்த கையோடு, இத்தாலியின் இந்நகரை அடுத்த வில்லா செல்லா மக்கள், ஜெர்மன் படை விட்டுச்சென்ற டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்றுக் கிடைத்த பணத்தில் மழலையர் பள்ளி கட்டினர். இத்தகைய பள்ளிகளுக்கு லோரிஸ் மாலகுஸ்ஸி (1920–1994) வழிகாட்டினார். 1963 முதல் நகராட்சியும் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. பள்ளியில் கலைக்கூடம் உண்டு. குழந்தைகளின் பேச்சையும் படைப்புகளையும் ஆசிரியர்கள் பதிவுசெய்து, அடுத்த பணியை அவற்றிலிருந்து திட்டமிடுகின்றனர்.

ஒப்பீடு: மாண்டிசோரியில் கருவியும் அதைக் கையாளும் படிகளும் வரையறுக்கப்பட்டவை, எதை எடுப்பது, எவ்வளவு நேரம் செய்வது என்பது குழந்தையின் விருப்பம். வால்டோர்ஃபில் பொம்மைக்கு முகக்குறி கூட மிகக் குறைவு; மீதியைக் குழந்தையின் கற்பனை நிரப்ப வேண்டும். ரெஜ்ஜியோவில் குழுப்பணி முதன்மை பெறுகிறது. முந்தைய இரண்டும் தனியொருவரின் கோட்பாட்டிலிருந்து பிறந்தவை. மூன்றாவதோ ஊர்மக்களின் முயற்சியில் உருவானது.

மதிப்பீடு: 2006-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, அமெரிக்காவின் மில்வாக்கியில் குலுக்கல் மூலம் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டது. இடம் பெற்ற ஐந்து வயதினர் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னிலையில் இருந்தனர். ஆனால் மாண்டிசோரி என்ற பெயரை எந்தப் பள்ளியும் சூட்டிக்கொள்ளலாம் என்பதால், இம்முடிவு எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தாது. பல வயதினர் கலந்த வகுப்பு, முழுமையான கருவித் தொகுதி, இடையூறற்ற நீண்ட வேலை நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியவை இல்லாத இடத்தில் பெயர்ப்பலகை மட்டும் சான்றாகாது.