கூட்டல் குறியும் தண்ணீர்க் குடமும்: வடசென்னை மூத்த பெண்களின் உடற்பயிற்சி வரலாறு குறித்து

சென்னையில் நீரிழிவுத் தடுப்பின் வரலாற்றை எழுதுபவர்கள், உடற்பயிற்சி என்ற இடம் வந்ததும் திருமங்கலம் ஆசியாட் காலனிக்குப் போய்விடுகிறார்கள். 2006இல் நீரிழிவு மருத்துவர் வி. மோகனும் அவர் குழுவினரும் வெளியிட்ட கட்டுரைதான் இதற்குக் காரணம். 1996இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வின் வரிசையில் வந்த கட்டுரை அது. நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் வாழும் அந்தக் காலனியில் நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். குடியிருப்போர் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காட்டுக்கு உயர்ந்தார்கள். மக்கள் ஒன்றுகூடிச் சாதித்த வெற்றிக்கு இது மாதிரி என்று கட்டுரை முடிகிறது.

அந்த எண்களை நான் மறுக்கவில்லை. மாதிரி என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. மாதிரி என்றால் வேறு ஊருக்கும் எடுத்துச் செல்லத் தக்கது என்று பொருள். ஆசியாட் காலனியில் காலி நிலம் இருந்தது, பணம் திரட்டும் சங்கம் இருந்தது, விடியற்காலையில் ஒரு மணி நேரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடிய பெண்களும் இருந்தார்கள். வடசென்னையின் எர்ணாவூரில் அதே நேரத்தில் எழும் பெண்ணின் முதல் வேலை தண்ணீர். அவள் நடக்கப் போனால் கால் வைக்க வேண்டிய எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பூங்காவைச் சான்றாக வைத்து எழுதப்பட்ட வரலாறு இவளை விழிப்புணர்வு இல்லாதவள் என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறது.

இந்த வாசிப்புக்கு மறுப்பு அதே ஆய்வுக்குள்ளேயே கிடைக்கிறது. ஆசியாட் காலனியோடு தியாகராய நகரின் பாரதி நகரும் அந்த ஆய்வில் இடம்பெற்றது. அங்கிருந்தவை குறைந்த வருவாய்க் குடும்பங்கள். தொடக்கத்தில் நடுத்தர வருவாய்ப் பகுதியில் நீரிழிவு 12.4 விழுக்காடு, குறைந்த வருவாய்ப் பகுதியில் அதில் பாதியளவாக 6.5 விழுக்காடு இருந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது முன்னதில் 15.4, பின்னதில் 15.3. இரண்டும் ஒன்றாகிவிட்டன. மோகன் குழுவினரே 2011இல் இதை வெளியிட்டார்கள். பூங்காவை ஆதரிப்போர், பூங்கா இருந்த பக்கம் உயர்வு மெதுவாக இருந்ததைக் காட்டி இந்த எண்களையும் தங்கள் பக்கம் சேர்க்கலாம். சேர்க்கட்டும். ஆனாலும் 6.5 எப்படி 15.3 ஆனது என்பதற்குப் பூங்கா விடை தராது. நடுத்தர வருவாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள், பிறகு எழுந்து நடந்தாள் என்று அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடலாம். மறுபக்கத்துப் பெண் எப்போது உட்கார்ந்தாள்?

மிக்சியும் கிரைண்டரும் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள் என்பது எல்லோரும் சொல்லும் விடை. அம்மி, ஆட்டுக்கல், உலக்கை ஆகியவற்றோடு பெண்ணின் ஆரோக்கியமும் போய்விட்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். காலக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது 2011இல். குறைந்த வருவாய்ப் பகுதியின் உயர்வு அதற்கு முந்தைய பத்தாண்டில் நிகழ்ந்தது. அதற்கு முன்பே தவணையில் வாங்கியவர்களும், கடையில் மாவு வாங்கியவர்களும் உண்டு என்பதால் இந்தக் காரணத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. முழுக் காரணமாக ஏற்கவும் முடியாது. தண்ணீர்க் குடத்துக்கு மிக்சி கிடையாது.

அந்தக் குடத்தின் உழைப்பு கணக்கில் எப்படி ஏறுகிறது என்பதை அறிய, இங்கே ஒரு பாடபேதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மோகன் குழு 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் இன்று நாடெங்கும் புழங்குகிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கு கேள்விகள். மொத்தம் 100 மதிப்பெண். 60ஐத் தொட்டால் அதிக இடர். உடலுழைப்புக்கான வரி முதல் வடிவத்தில் இப்படிப் போகிறது: ஒழுங்கான உடற்பயிற்சியும் கடின வேலையும் சேர்ந்திருந்தால் 0, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லாவிட்டால் 30. முதல் வரியில் பயிற்சியையும் வேலையையும் இணைத்து நிற்பது ஒரு கூட்டல் குறி. பின்னர் பல ஆய்வேடுகளில் எடுத்தாளப்படும் வடிவத்தில் அந்தக் கூட்டல் குறி இல்லை. அதன் இடத்தில் ‘அல்லது’ வந்திருக்கிறது. கடும் உடற்பயிற்சி அல்லது கடின வேலை இருந்தாலே 0. கூடவே வேலையிடத்திலோ வீட்டிலோ என்ற தொடரும் ஏறியிருக்கிறது. எந்த ஆண்டில், யார் கையால் இந்த மாற்றம் நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு வடிவங்களும் ஒரே காலத்தில் அருகருகே புழங்கியிருக்கின்றன.

எர்ணாவூரில் 62 வயதுப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். வயதுக்கு 30. இடுப்பு 84 சென்டிமீட்டர், அதற்கு 10. பெற்றோருக்கு நோய் இல்லை, அதற்கு 0. தினமும் குடம் தூக்கி மாடியேறுகிறார். தனியாக உடற்பயிற்சி எதுவும் இல்லை. முதல் வடிவத்தில் அவருக்கு 20 சேர்ந்து 60, அதிக இடர். பின்னதில் அவர் வேலையைக் கடின வேலையாக ஏற்றால் 0 சேர்ந்து 40, நடுத்தர இடர். உடம்பு ஒன்று, தீர்ப்பு இரண்டு.

பின்னைய வடிவம் அவருடைய உழைப்பை உழைப்பாக ஏற்கிறது என்பதால் அதுதான் நியாயமானது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 40 வாங்கியவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்படாமல் போகலாம். உழைத்த பகுதியில்தான் நோய் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது என்பதைச் சற்று முன் பார்த்தோம். உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதும் உழைப்பே காப்பாற்றும் என்று நம்புவதும் ஒன்றாகிவிடக் கூடாது. கூட்டல் குறியை வைத்தவர் கை தெரிந்து வைத்ததோ தெரியாமல் வைத்ததோ, அந்தக் குறி மூத்த பெண்ணுக்கு நன்மையே செய்திருக்கிறது.

கணக்கெடுப்பில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆர்.எம். அஞ்சனா முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரை ஆராய்ந்து, 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றார்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்கள் கையாண்ட உலக சுகாதார நிறுவனத்தின் வினாப்படிவம் வீட்டு வேலையையும் வேலையாகவே சேர்க்கிறது. ஆனால் தொடர்ந்து பத்து நிமிடம் நீடித்தால்தான் எண்ணும். பதினைந்து லிட்டர் குடத்தோடு மாடியேறி இறங்க மூன்று நிமிடம் போதும். ஆறு குடம் எடுத்தாலும், இடையிடையே பேசி, வரிசையில் நின்று, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் படிவத்தில் அது பூஜ்யம். 2020இல் உலக சுகாதார நிறுவனம் தன் உடலியக்க வழிகாட்டுதலிலிருந்து இந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது. அதற்கு முன் எடுத்த கணக்குகளை வைத்து வடசென்னைப் பெண்களைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தடுப்புச் சோதனைகளில் இவர்கள் இன்னும் அரிது. அ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் (2006) வாழ்க்கைமுறை மாற்றத்தால் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைக்கலாம் என்று காட்டிய பெரும்பணி. அதில் சேர்ந்த 531 பேரில் ஆண்கள் 421, பெண்கள் 110. வயது வரம்பு 35 முதல் 55 வரை. அதே குழு 2013இல் வெளியிட்ட கைப்பேசிக் குறுஞ்செய்தி ஆய்வில் இருந்த 537 பேரும் ஆண்கள். 55ஐத் தாண்டிய பெண்ணைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் நடுவயது ஆண்களிடமிருந்து கடன் வாங்கியது.

என் கருதுகோள் இது. மூத்த பெண்ணின் உடலுழைப்பு எந்திரம் வந்ததால் முறிவதை விட, குடம் கைமாறுவதால்தான் அதிகம் முறிகிறது. முட்டி பிடித்துக்கொள்கிறது, மருமகளோ மகளோ குடத்தை வாங்கிக்கொள்கிறாள், அன்னக்கூடையைத் தலையில் வைத்து மீன் விற்றவள் வீட்டு வாசலில் உட்கார்கிறாள். மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும் ஆண்டுகளும் இவைதான். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. சுருங்கும் தசை இன்சுலின் துணை இல்லாமலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாற்பதாண்டு சுமை தூக்கிய தொடைத் தசைக்கு ஓரிரு ஆண்டில் வேலையே இல்லாமல் போனால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. இதை நேரடியாக அளந்த ஆய்வு என் கைக்கு எட்டவில்லை. உடலியங்கியலும், மேலே சொன்ன காலக்கணக்கும், பெண்கள் தாமே சொல்வதும் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதால் வலுவாகவே சொல்கிறேன்.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் பயிற்சி வீட்டுக்குள் வந்த வரலாறு வேறு வரிசையில் நிற்கிறது. தொடக்கம் வடசென்னையில்தான். எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் மருத்துவமனை நிறுவினார். நோயாளி மருத்துவரைத் தேடிப் போன காலம் அது. பிறகு வந்தது ஆசியாட் காலனியின் பூங்கா. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், சர்க்கரை மாத்திரையோடு இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. முட்டிவலிக்கென்று சொல்லித்தரும் தொடைப் பயிற்சி சர்க்கரைக்கும் பயிற்சிதான் என்பதை மாத்திரைப் பிரிவும் இயன்முறைப் பிரிவும் ஒன்றுக்கொன்று இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும். சிறு அளவுகளுக்கும் பலன் உண்டு. 2013இல் டிபியட்ரோ குழு அமெரிக்காவில் செய்த சோதனையில், அறுபது தாண்டியவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் மிதமான வேகத்தில் நடந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் காலை 45 நிமிட நடையைவிட நன்றாகக் குறைத்தது. சோதிக்கப்பட்டவர்கள் பத்தே பேர் என்பதால் அளவாகவே நம்ப வேண்டும். ஆனால் அந்த நடைக்கு வீட்டுத் தாழ்வாரம் போதும்.

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் ஒரு வீட்டின் முன்னறை. பிளாஸ்டிக் நாற்காலி சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது, வழுக்காமல் இருக்க. மூத்த பெண் ஒருவருக்குப் பயிற்சி சொல்லித்தந்துகொண்டிருந்தார் ஒருவர்.

“ஆயா, கையை மார்ல கட்டிக்கினு எழுந்திரு. கைப்புடியைப் புடிக்கக் கூடாது.”

“இன்னாம்மா இது, குந்திக் குந்தி மீன் அறுத்தவளுக்கு நாற்காலில எழுந்திருக்கக் கத்துத்தர்றியா?”

சொல்லிக்கொண்டே எழுந்தார். மூன்றாவது முறை பாதியில் நின்று, வலது முட்டியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மறுபடி முயன்றார். மொத்தம் எட்டு முறை. ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். பழைய படிவத்தில் இதுவும் பூஜ்யம்.

படிவங்கள் எதிலும் இல்லாத கேள்வியை அவரிடம் கேட்டேன்: குடம் தூக்குவதை எப்போது விட்டீர்கள்? வெகுநேரம் யோசித்தார். ஆண்டு நினைவில்லை. மருமகள் வந்தபின், முட்டி வீங்கிய மழைக்காலம் என்றார். பிறகு, “சுனாமிக்கு அப்புறம், பெரிய வெள்ளத்துக்கு முன்ன” என்றார். 2004 டிசம்பருக்கும் 2015 டிசம்பருக்கும் இடையில். அதற்கு மேல் தேதியைக் குறுக்க முடியவில்லை. சர்க்கரை இருப்பது முதலில் தெரிந்தது எப்போது என்று கேட்டதற்கும் அவர் சொன்னது அதே இடைவெளிதான்.