சென்னை தந்த அரசின்மையாளர்

கணியம்பாடியில் நாம் பாடம் சொல்லும் திண்ணையில் ஒரு மாலை, மாணவர் ஒருவர் வினவினார்: "ஹஜ்ரத், அராஜகம் என்றால் குழப்பந்தானே? அதை ஒரு கொள்கையாகக் கொண்டவர்களும் உண்டா?"

வினா நியாயமானது. அறபியிலும் இக்கொள்கைக்கு 'ஃபவ்ளவிய்யா' என்றே பெயர். குழப்பம் எனும் பொருள்தரும் 'ஃபவ்ளா' என்பதன் வழிவந்த சொல் அது. ஆனால் 'லாஸுல்தவிய்யா' என இன்னொரு சொல்லும் வழங்குகிறது. ஆதிக்கமின்மை என்பது அதன் கருத்து. இவ்விரு சொற்களுக்கும் இடையே வாழ்ந்து மறைந்த ஒரு சென்னைக்காரரின் வரலாற்றையே அம்மாணவருக்கு விடையாகச் சொன்னோம்.

எம்.பி.டி. ஆச்சாரியா 1887இல் மண்டயம் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தார். பாரதியார் ஆசிரியராயிருந்த 'இந்தியா' வார இதழை நடத்தியோர் அவருடைய உறவினரே. 1908இல் ஆங்கில அரசின் அடக்குமுறையால் இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அப்பணியில் துணைநின்ற ஆச்சாரியா அவ்வாண்டிறுதியில் கடல் கடந்தார். 1909இல் ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட மொராக்கோவின் ரீஃப் மக்களோடு சேரப் புறப்பட்டு, எண்ணம் நிறைவேறாது திரும்பினார். பின்னர் பாரிஸ், பெர்லின், இஸ்தான்புல், நியூயார்க் என அவர் பயணம் நீண்டது.

1920இல் கிலாபத் உணர்வால் உந்தப்பட்டுப் பல்லாயிரம் முஸ்லிம்கள் ஆப்கானிஸ்தானுக்கு ஹிஜ்ரத் செய்ததை நம் பெரியவர்கள் அறிவர். அம்முஹாஜிர்களுள் சிலர் தாஷ்கண்டை அடைந்தனர். அங்கே 1920 அக்டோபர் 17இல் தோன்றிய இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு முகம்மது ஷஃபீக் செயலாளர், ஆச்சாரியா தலைவர். ஆனால் எம்.என். ராய் ஒருபுறமும் அப்துர் ரப், ஆச்சாரியா ஆகியோர் மறுபுறமுமாகப் பிணக்கு முற்றியது. 1921 ஜனவரியில் ஆச்சாரியா பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

அந்நிய ஆட்சியை எதிர்த்தவர், புரட்சியின் பெயரால் எழுந்த ஆதிக்கத்தையும் ஏற்க மறுத்தார். 1922இல் ரஷ்ய ஓவியர் மக்தா நாக்மனுடன் பெர்லின் சேர்ந்து, அரசின்மைவாதிகளின் சிற்றிதழ்களில் எழுதலானார். ஒருகாலத்தில் ஆயுதப் பயிற்சி தேடி அலைந்தவர், காந்தியடிகளின் அகிம்சையை மதித்து எழுதும் நிலைக்கு வந்தார். மக்கள் மனமுவந்து ஒருவர்க்கொருவர் துணைசெய்து வாழ இயலும் என்பதே அவர் வாதம். ஹிட்லர் ஆட்சி வந்தபின் ஜெர்மனியை விட்டு நீங்கி, 1935இல் பம்பாய் வந்தார். அங்கு ரண்சோட்தாஸ் லோட்வாலா நிறுவிய சமூகவியல் கழகத்துடன் இணைந்து பணியாற்றினார். 1947இல் புதுப்பெயர் பூண்ட அக்கழகம் சுதந்திரவாதச் சிறுநூல்களை வெளியிட்டுவந்தது.

இந்தியா விடுதலை பெற்ற பின்னும் அவர் வறுமை நீங்கவில்லை. 1951இல் மக்தா மறைந்தார். 1954 மார்ச்சில் நோயுற்றிருந்த ஆச்சாரியாவும் மறைந்தார். பதவியும் சொத்தும் அவர் சேர்க்கவில்லை. பல நாட்டுச் சிற்றிதழ்களில் சிதறிக்கிடந்த அவர் கட்டுரைகள் 2019இல்தான் ஆங்கிலத்தில் தொகுப்பாயின.

அரசே வேண்டாம் என்ற அவரது முடிபு நமக்கு உடன்பாடன்று. நீதி செலுத்தவும் எளியோரைக் காக்கவும் ஓர் ஆட்சி வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் பகைவர் செய்யும் அநீதியைக் கண்டிப்பவர் பலர். தம்மவர் செய்வதைக் கண்டிப்பவர் சிலரே. ஆச்சாரியா அச்சிலருள் ஒருவர். அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

மாணவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "அந்த முஹாஜிர்கள் என்னவானார்கள் ஹஜ்ரத்?" என்றார். அவ்வரலாற்றை மறுநாள் பாடத்துக்கு வைத்துக்கொண்டோம்.