கடன் கொடுத்தவர்களும் களத்துமேடும்

தென்காசியிலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் வாசுதேவநல்லூர். ஒருபுறம் சிவகிரி, மறுபுறம் புளியங்குடி, கிழக்கே சற்றுத் தொலைவில் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். குற்றாலச் சாரலை எண்ணியபடி பேருந்தில் செல்வோர், இங்கே ஒரு மண்கோட்டை இருந்ததை அறியாமலே கடந்து போகின்றனர்.

யூசுப்கான் முதலில் இக்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். பின்னர் 1761 மே மாதத்தில் அதைப் பிடித்தார். 1767 மே மாதத்தில் கர்னல் டொனால்ட் காம்பெல் பீரங்கிகளோடு வந்து மீண்டும் முற்றுகையிட்டார். சில ஆண்டுகளுக்குள் ஒரு மண்கோட்டைக்காக இத்தனை படையெடுப்புகள் ஏன்? நாம் பள்ளியில் படித்த விடை ஒரே சொல்தான்: வரி. வரி யாருக்கு என்று கேட்டால், ஆர்க்காட்டு நவாபுக்கு என்பர். நவாபு அதை யாரிடம் கொடுத்தார் என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கான விடை நம் காலத்துக்கும் பாடமாக அமைகிறது என்பதாலேயே இக்கட்டுரை.

நவாபின் கடன்

நவாபு முகம்மது அலி ஆங்கிலக் கம்பெனிப் படையின் உதவியால் அரியணையைக் காத்துக்கொண்டவர். அந்தப் போர்களின் செலவு முழுவதும் அவர் தலையில் கடனாக ஏறியது. அதை அடைக்க அவர் நாடியது கம்பெனியின் ஊழியர்களையே. பகலில் கம்பெனிக்குக் கணக்கெழுதிய அதே கைகள், இரவில் நவாபுக்குக் கொடுவட்டிக்குக் கடன் கொடுத்தன. ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டது இன்னின்ன சீமையின் விளைச்சல் வருவாய். விதைக்காதவர்கள், விளைந்த வயலை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள், நெல் களத்துமேட்டுக்கு வருமுன்பே அதற்கு உரிமையாளராயினர்.

இவர்களுள் புகழ்பெற்றவர் பால் பென்ஃபீல்டு. ஆண்டுக்குச் சில நூறு பவுன் மட்டுமே ஊதியம் பெற்ற இந்தக் கம்பெனி ஊழியர், 1776-இல் தஞ்சாவூர் நாட்டு விளைச்சலின் மீது தமக்கு ஏறத்தாழ 2,34,000 பவுன் வரவேண்டும் என்று உரிமை கோரினார். அதை ஏற்க மறுத்த சென்னை ஆளுநர் பிகட் பிரபுவின் கதி என்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய ஆலோசனைச் சபையினரே அவரைக் கைது செய்தனர். காவலிலேயே 1777 மே மாதத்தில் அவர் உயிர் நீத்தார். ஆளுநரையே கவிழ்க்கும் வலிமை கடன்காரர்களிடம் இருந்தது.

வாசுதேவநல்லூர்க் கோட்டை மீது விழுந்த குண்டுகளுக்கு இந்தக் கடன் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். பாளையக்காரர்களும் உழவனிடம் பங்கு வாங்கியவர்களே. அவர்களை அப்பழுக்கற்றவர்களாகக் காட்டுவதும் வரலாறாகாது. ஆயினும் நவாபின் தேவை பெருகப் பெருகத் தென்பாண்டிச் சீமையின் மீது விழுந்த நெருக்கடியும் பெருகியது என்பதை மறுக்க இயலாது.

இலண்டனில் நடந்த வாணிபம்

கதையின் இரண்டாம் பகுதி இலண்டனில் நடக்கிறது. கடன் கொடுத்தவர்கள் தம் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு ஆங்கிலப் பாராளுமன்றத்தில் இருக்கைகளைப் பெற்றனர். பென்ஃபீல்டே 1780-இல் உறுப்பினரானார். நவாபின் முகவரான ஜேம்ஸ் மக்பெர்சனும் அதே ஆண்டு உறுப்பினரானார். கடன் கொடுத்தவர் தரப்பும் கடன் பெற்றவர் தரப்பும் ஒரே அவையில் அமர்ந்திருந்தன. கடனைக் கட்ட வேண்டிய உழவனுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

1784-இல் பிரதமர் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம், நவாபின் கடன்கள் எப்படித் தோன்றின என்று ஆராயும்படி பணித்தது. கம்பெனி இயக்குநர்களும் விசாரிக்கவே விரும்பினர். ஆனால் அச்சட்டத்தால் அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், ஹென்றி டண்டாசின் செல்வாக்கின்கீழ், விசாரணையே இன்றிக் கடன்களை ஏற்றது. கர்நாடகத்தின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், இதற்கென ஒதுக்கப்பட்டது. ஐதர் அலியின் போரால் நாடு பாழ்பட்டு, 1782 பஞ்சத்தில் சென்னையில் கஞ்சித் தொட்டி திறக்க நேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் பாராளுமன்றத்தில் எழுந்து இதைக் கண்டித்து நீண்ட உரையாற்றினார். பென்ஃபீல்டு தம் செலவில் எட்டு உறுப்பினர்களை உருவாக்கியவர் என்று அவையிலேயே குற்றஞ்சாட்டினார். ஆவணங்களை அவை முன் வைக்க வேண்டும் என்பதே அவரது கோரிக்கை. பெரும்பான்மை வாக்குகளால் அது தோற்கடிக்கப்பட்டது.

அந்த முடிவு நம் சீமை வரை வந்து சேர்ந்தது. 1781 உடன்படிக்கைப்படி கம்பெனியே வரி வசூலை ஏற்று, திருநெல்வேலிச் சீமைக்கு ஈல்ஸ் இர்வின் என்னும் அதிகாரியை நியமித்திருந்தது. கர்னல் ஃபுல்லர்ட்டன் 1783-இல் பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் தாக்கியதும் இக்காலத்தில்தான். அந்த ஆட்சி இரக்கமுள்ளதன்று. ஆனால் 1785-இல் இலண்டன் வாரியத்தின் ஆணைப்படி வசூல் உரிமை மீண்டும் நவாபிடமே சென்றது. கடன்காரர்கள் விரும்பியதும் அதுவே. அதை ஏற்காத ஆளுநர் மக்கார்ட்னி பதவி துறந்தார். வாசுதேவநல்லூர் வயலில் நின்ற உழவன், தன்னிடம் வசூலிக்க வருபவர் ஏன் மாறினார் என்பதை அறிந்திருக்க மாட்டான்.

1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமானது. அதன்பின் முன்வைக்கப்பட்ட புதிய கடன் உரிமைகளை ஆராய 1805-இல் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். 2 கோடிப் பவுனுக்கு மேல் கோரப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வெளிச்சம் பட்டதும் பொய் உதிர்ந்தது. பர்க் கேட்டதும் அந்த வெளிச்சத்தைத்தான்.

நம் காலத்துக் கொடையாளர்கள்

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? நம் நாட்டில் நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பதை 1969-இல் சட்டம் தடுத்தது. 1985-இல் மீண்டும் அனுமதித்தது. மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் 7.5 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்ற வரம்பு பின்னர் இருந்தது. 2017-இல் அவ்வரம்பும் நீக்கப்பட்டது. 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுப்பவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. 2024 சனவரி வரை விற்ற பத்திரங்களின் மதிப்போ ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாது என்று தீர்த்தனர். யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்றனர். பின்னர் வெளியான பட்டியலில் முதலிடம் பெற்றது, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனம் ஒன்று. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை விதிக்கப்பட்டது என்பது நினைவுகூரத் தக்கது. கொடுத்தவர் அனைவரும் கைம்மாறு கருதியே கொடுத்தனர் என்று நான் கூறவில்லை. ஆனால் பெயரை மறைத்துக் கொடுக்கும் கொடை அரசியலில் அறமாகாது; அது 1785-இல் மூடிவைக்கப்பட்ட ஆவணங்களின் உடன்பிறப்பு.

பணம் மேலே மட்டும் பாய்வதில்லை, கீழும் பாய்கிறது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்காளருக்குப் பணம் பட்டுவாடா செய்யப்பட்டதால் தேர்தல் ஆணையம் தேர்தலையே நிறுத்தியது. கை நீட்டி வாங்குபவர் தாம் எதை விற்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு மணிக்கூண்டும் ஒரு குளமும்

பிறரைக் குறை கூறும் நான் என்னையும் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஆலய மணிக்கூண்டு எழும்பிக்கொண்டிருந்தது. செலவில் பெரும்பகுதியைச் செங்கல் சூளை வைத்திருந்த ஒரு செல்வர் ஏற்றிருந்தார். அவ்வேளையில் ஊர்க்குளத்துக் கரையோரம் அளவின்றி மண் எடுக்கப்படுவதாக மக்கள் மனு எழுதி, என் கையொப்பம் கேட்டு வந்தனர். மண் சூளைக்குத்தான் போகிறது என்பதை நானும் அறிவேன். "திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். திருவிழா முடிந்தது. நான் கையொப்பமிடவில்லை.

அந்தச் செல்வர் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கேட்காமலே என் மௌனத்தை நான் கொடுத்தேன். பெருங்கொடை வேலை செய்யும் முறை இதுவே. கட்டளை வேண்டுவதில்லை; பெற்றவன் தானே வாய் மூடிக்கொள்கிறான்.

அந்த மனுவில் கையொப்பங்கள் மிகக் குறைவு. ஊரில் பாதிப் பேர் சூளையில் முன்பணம் வாங்கியிருந்தனர். முதலில் கைநாட்டு வைத்தவர் ஒரு வயதான கைம்பெண். "உங்களுக்குப் பயமில்லையா அம்மா?" என்று கேட்டேன். "அவுகளை நம்பி என் அடுப்பு எரியல சாமி. புறவாசல்ல முருங்க நிக்குது, ரெண்டு ஆடு நிக்குது. கஞ்சிக்குக் கீரை இருக்கு. நான் யாருக்குப் பயப்படணும்?" என்றார். நான் படித்த இறையியல் எனக்குத் தராத துணிவை அவருடைய முருங்கை மரம் அவருக்குத் தந்திருந்தது.

புறவாசல் தரும் துணிவு

களத்துமேட்டில் குவிந்த நெல்லை எவரும் எளிதில் அளந்து எடுத்துச் செல்லலாம். கூரைமேல் படர்ந்த பூசணியையும், வேலியோரத்து அகத்தியையும், சமையல் நீர் பாயும் வாழையையும் கணக்கில் ஏற்றுவது கடினம். அதனால்தான் ஆட்சிகள் தடுமாறிய காலங்களில் ஏழையின் வயிற்றைக் காத்ததில் புறவாசலுக்கும் பங்குண்டு. 1942-இல் பர்மா சப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, செங்கோட்டைக்கு அப்பால் திருவிதாங்கூரின் வீடுகளைத் தாங்கிய உணவுகளுள் மரவள்ளிக் கிழங்கு முதன்மையானது. 1965-இல் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு காத்திருந்த நாளில், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். அந்தச் சிறு நிலத்தால் நாட்டின் பசி தீராது என்பதை அவர் அறியாதவரல்லர். கையேந்துபவன் நிமிர்ந்து பேச முடியாது என்பதை அவர் செயலால் கூறினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வீட்டுத் தோட்டம் அரசியலுக்கு மாற்று அன்று. இரண்டு சென்ட் நிலத்தில் கீரையும் காயும் விளையும். ஆண்டு முழுமைக்கும் அரிசி விளையாது. அரிசி நியாயவிலைக் கடையிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கடையோ அரசின் கொள்கையால் நிற்பது. அக்கொள்கையோ நம் வாக்கால் நிற்பது. தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு நாட்டை மறப்பவர், நாளை அத்தோட்டத்தையும் இழப்பார்.

பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டோருக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய மடல் இவ்விரண்டையும் சேர்த்தே பேசுகிறது. தோட்டமிட்டு அதன் பலனை உண்ணச் சொல்கிறார். அதே மூச்சில், தாங்கள் வாழும் நகரின் நலனுக்காக உழைக்கவும் மன்றாடவும் சொல்கிறார். ஒன்றை எடுத்து மற்றதை விடுவதற்கில்லை.

ஆகவே நம் பங்குகளில் இரண்டு பழக்கங்கள் வேரூன்றட்டும். ஆலயத்துக்கு வரும் பெருங்கொடைகளை, கொடுத்தவர் பெயரோடும் தொகையோடும் பங்குப் பேரவையின் முன் வெளிப்படையாக வைப்போம். நாட்டைக் கேட்பதை முதலில் நம் வீட்டில் செய்வோம். அடுத்து, ஆடிப் பட்டத்தில் ஒவ்வொரு வீட்டுப் புறவாசலிலும் ஒரு முருங்கைப் போத்தேனும், நான்கு அவரை விதையேனும் ஊன்றப்படட்டும்.

பால் பென்ஃபீல்டு 1810-இல் பாரிசு நகரில் வறியவராக இறந்தார். வாசுதேவநல்லூர்க் கோட்டை மண்ணோடு மண்ணானது. என் மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அதன் மணியோசையைக் கேட்கும்போதெல்லாம், நான் இடாத ஒரு கையொப்பம் என் நினைவுக்கு வருகிறது. அந்த அம்மாவின் கைநாட்டோ இன்றும் என் கண்முன் நிற்கிறது.