ஐந்து இதழ்த் திருகாணி

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. வாரம் ஒரு முறை அதைத் திறந்து சாவி கொடுப்பேன். பெண்டுலத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். சமீபத்தில் வாங்கிய கைப்பேசிக்கோ கதவுமில்லை, கீலுமில்லை. இதன் வயிற்றுக்குள் என்னதான் இருக்கிறது? திறந்து பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை. ஆகவே, திறந்து பார்த்தவர்களின் கதையைத் தேடிப் படித்தேன். படித்த பிறகு, அது ஒரு குட்டி யுத்தத்தின் சரித்திரம் என்று தெரிந்தது!

2007-ஆம் வருஷம் ஜூன் 29-ந் தேதி அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியின் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. விலை 499 டாலரும் 599 டாலரும். அதை ஆசையாய் வாங்கிய சிலர், காதில் வைத்துக் கொள்வதற்குப் பதிலாக, மேஜை மேல் வைத்து அன்றைக்கே பிளந்து விட்டார்கள். அவர்களில் ஐஃபிக்ஸிட் என்ற ஸ்தாபனத்தாரும் உண்டு. 2003-இல் கலிபோர்னியாவில் கைல் வீன்ஸ், லூக் சூல்ஸ் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது அது. வீன்ஸின் மடிக் கணினி பழுதானபோது, அதைச் சரி செய்யும் வழி எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லையாம். அந்தக் கோபத்தில் பிறந்த ஸ்தாபனம்!

ஐபோனின் வெளிப்புறத்தில் ஒரு திருகாணி கூடத் தெரியவில்லை. நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே மூளையாக இருந்த சில்லின் மேல் ஆப்பிளின் முத்திரை. செய்தவர்களோ கொரியாவின் சாம்சங். வேடிக்கைதான்! ஆனால் விஷயம் பாட்டரியில் இருந்தது. அதன் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றியிருந்தார்கள். லிதியம் பாட்டரி தீபத்துத் திரியைப் போல. எரிய எரியத் தேயும். தேய்ந்தால் சொந்தக்காரர் தாமாக மாற்ற முடியாது. கம்பெனிக்கு அனுப்பி, 79 டாலரும் தபால் செலவும் அழ வேண்டியிருந்தது.

2010-இல் வந்த ஐபோன் நான்கில் அடிப்பக்கம் இரண்டு திருகாணிகள் இருந்தன. தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம். எந்தக் கடைத் திருப்புளியும் பொருந்தும். 2011 ஜனவரியில் ஓர் அதிசயம் வெளிப்பட்டது. பழுது பார்க்கக் கொடுத்த போன்கள் புதுத் திருகாணிகளுடன் திரும்பி வந்தன. கூட்டல் குறியைக் காணோம். அதன் இடத்தில் ஐந்து இதழ்ப் பூ! அதற்கேற்ற திருப்புளி அப்போது சாதாரணக் கடைகளில் கிடைக்கவில்லை. ஐஃபிக்ஸிட்காரர்கள் சும்மா இருப்பார்களா? பூவுக்குப் பொருந்தும் திருப்புளியோடு, மாற்றிப் போடப் பழைய மாதிரித் திருகாணிகள் இரண்டையும் சேர்த்து, 'விடுதலைப் பெட்டி' என்று பெயர் சூட்டி விற்றார்கள்.

சாதனம் மெல்லியதாக வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்று கம்பெனிகள் சொல்லும் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பூத் திருகாணி எந்தத் தண்ணீரைத் தடுத்தது?

2022 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனியே அமெரிக்க வாடிக்கைக்காரர்களுக்கு உதிரிப் பாகங்களும் கருவிகளும் கொடுக்க முன்வந்தது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம், 2027 பிப்ரவரி முதல் இத்தகைய சாதனங்களின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று, சில விலக்குகளோடு சட்டம் செய்தது.

பணம் கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது? இந்தச் சண்டை முழுவதும் அந்த ஒரு கேள்விக்காகத்தான். என் கைப்பேசியை நான் ஒருநாளும் பிரிக்கப் போவதில்லை. ஆனால், பிரிக்கக் கூடாது என்று இன்னொருவர் பூட்டி வைத்திருந்தால், அது என் வீட்டில் குடியிருக்கும் அவருடைய பொருள்தானே?