வெங்காரம் வந்த வழி

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய ஸ்டேஷனரி கடைகளில் வெள்ளைப் பசை எப்போதும் கிடைக்கும். போராக்ஸ் என்கிற வெங்காரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெரிய கோயில் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குத்தான் போகவேண்டும். அங்கே அதைக் கேட்டு வருகிறவர்கள் வெகுகாலம் இரண்டே வகை: நகைப் பட்டறைக்காரர், சித்த மருந்து செய்கிறவர். இப்போது மூன்றாவதாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களும் வந்து நிற்கிறார்கள்.

"நகை பத்தவைக்கவாம்மா?"

"இல்லண்ணே. பொண்ணு ஸ்லைம் செய்யணுங்குறா. பரீட்சை டென்ஷனுக்கு நல்லதாம்."

யூடியூபிலிருந்து இறங்கி வந்த புதுச் சரக்கு என்றுதான் அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த அந்த வெள்ளைக் கட்டிக்கு வயது அதிகம்.

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் கொப்பளிக்கும் இடத்தில் வெங்காரம் தரையில் பூத்துக் கிடக்கும். திபெத்தின் உப்பு ஏரிக் கரைகளிலும் அப்படித்தான். மேய்ப்பர்கள் அதை வாரி, சிறு பைகளில் கட்டி, ஆடுகளின் முதுகில் ஏற்றி இமயக் கணவாய்களைக் கடந்து கொண்டுவந்தார்கள். சரக்கில் ஒரு பகுதி நம் ஊர்ப் பட்டறைகளோடு நின்றது. பொன்னைப் பற்றவைக்கும்போது மேலே படியும் அழுக்கைக் கரைத்து, பற்று ஓட வழிவிடுவது வெங்காரம். மீதி கடல் கடந்தது. இடைக்காலத்தில் அதைச் சுத்தம் செய்யும் வித்தை வெனிஸ் நகரத்தார் கையில் இருந்தது.

ஆடுகளுக்குப் பின்னால் வெங்காரம் சுமக்க வந்தவை கோவேறு கழுதைகள். 1872-இல் அமெரிக்காவின் நெவாடாவில் பிரான்சிஸ் மேரியன் ஸ்மித் என்பவர் வெங்காரப் படிவைக் கண்டார். 1883 முதல் 1889 வரை, கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கிலிருந்து பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டிகள் ஏறத்தாழ 265 கிலோமீட்டர் பாலைவனம் கடந்து ரயிலடிக்கு வெங்காரம் இழுத்தன. விலை சரிந்தது. பொற்கொல்லர் சிட்டிகைக் கணக்கில் வாங்கிய பொருள் துணி வெளுக்கும் தூளாகி, சாமானிய வீடுகளுக்குள் வந்தது. இன்று உலகின் மிகப் பெரிய வெங்காரச் சுரங்கங்கள் துருக்கியில் இருக்கின்றன. இந்தியாவும் இறக்குமதிதான் செய்துகொள்கிறது.

அது விளையாட்டுப் பொருளானது 1976-இல். மேட்டல் நிறுவனம் குட்டிக் குப்பைத்தொட்டி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை நிறக் கொழகொழப்பை அடைத்து, ஸ்லைம் என்று பெயர் வைத்து விற்றது. அதன் சரக்கைப் பிரித்துப் பார்த்தால் நம் சமையலறைக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று வரும்: கொத்தவரை. அதன் விதையை அரைத்த பிசினும் வெங்காரமும் சேர்ந்ததுதான் அந்தப் பச்சைக் கூழ். உலகக் கொத்தவரைப் பிசினில் பெரும்பங்கு இந்தியாவினுடையது, அதிலும் ராஜஸ்தானுடையது. பிசின், வெங்காரம் என்ற இதே கூட்டணி அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் பாறையைப் பிளக்கும் திரவத்திலும் வேலை செய்கிறது.

வீட்டு ஸ்லைமுக்குக் கொத்தவரை வேண்டாம். அந்த இடத்தை வெள்ளைப் பசை பிடித்துக்கொண்டது. தச்சர்கள் வஜ்ரம் காய்ச்சி மரம் ஒட்டிய நாட்டில், 1959-இல் பல்வந்த் பாரேக்கின் பெவிக்கால் வந்தது. காய்ச்சும் வேலை ஒழிந்தது. அதன் சின்ன டப்பா பள்ளிக்கூடப் பைக்குள் இடம்பிடித்தது.

ரமண நகர் மாடி வீட்டில் கதை முடிவுக்கு வருகிறது. ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் வெங்காரத் தூளைக் கரைத்து ஆறவைக்கிறார்கள். வேறு கிண்ணத்தில் அரைத் தம்ளர் பசை, அதே அளவு தண்ணீர், இரண்டு சொட்டுக் கேசரி கலர். வெங்காரத் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிளற, முதலில் நூல் நூலாகத் திரளும். பிறகு கிண்ணத்தை விட்டுக் கழன்று கரண்டியைச் சுற்றிக்கொள்ளும். கையில் ஒட்டுகிறதே என்று இன்னும் ஊற்றினால் ரப்பராகிவிடும். பிசைந்தால் தானே பதத்துக்கு வரும்.

பசைக்குள் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடக்கின்றன. வெங்காரம் இடையில் புகுந்து அவற்றை அங்கங்கே கோத்துவிடுகிறது. பலவீனமான முடிச்சுகள்தான், அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி விழும். அதனால் மெல்ல இழுத்தால் ஸ்லைம் ஒழுகும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். கை தானாகவே நிதானத்துக்கு வந்துவிடுகிறது. மனம் லேசாவதாகப் பிள்ளைகள் சொல்வதற்கு இந்த நிதானம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, இரண்டு கையும் கொழகொழவென்று இருக்கும்போது போனைத் தொட முடியாது.

இந்தப் பகுதிக்குக் கைவேலை புதிதல்ல. இங்கே வாழ்ந்த ரமணர் காய் நறுக்கினார், இலை தைத்தார், நோட்டுகளைத் தைத்து பைண்டு செய்தார், தேங்காய்ச் சிரட்டையை மெருகேற்றினார். வேலூர்க் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ஒருவர் அவரிடம் பலன் கருதாத செயலைப் பற்றிக் கேட்டார். ரமணர் பதில் பேசவில்லை. மலைக்குப் போனபோது வழியில் கிடந்த முள் கிளை ஒன்றை எடுத்து, முள்ளைச் சீவி, கணுவை வழித்து, சொரசொரப்பான இலையால் மணிக்கணக்கில் தேய்த்துத் தடியாக்கினார். எதிரே தடியைத் தொலைத்துவிட்டு வந்த ஆட்டுக்காரப் பையனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

தடியையும் ஸ்லைமையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் அந்தத் தடிக் கதையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடையில் விற்கும் ரெடிமேட் ஸ்லைம் டப்பாவைவிட வீட்டுக் கிண்ணம் ஏன் மேல் என்பது தெரியும். டப்பாவில் கிடைப்பது பிசையும் சுகம் மட்டும். கிண்ணத்தில் அளப்பது, கரைப்பது, பதம் பார்ப்பது என்று அரைமணி நேர வேலை சேர்ந்தே வருகிறது. ஆசுவாசத்தில் பெரும்பங்கு அந்த வேலையில்தான். ஸ்லைம் எப்படியும் சில நாளில் காய்ந்துவிடும். வைத்துக் காப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மலிவு என்பதற்காக அஜாக்கிரதை கூடாது. கைவினை வேலைகளில் வெங்காரத்தைத் தவிர்க்கும்படி கனடா சுகாதாரத் துறை 2016-இல் எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் பொம்மை ஸ்லைமிலிருந்து கசியும், வெங்காரத்தின் கூறான போரானுக்குக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தூளைப் பெரியவர்கள்தான் கரைக்கவேண்டும். கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் தொடக்கூடாது, விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு ஒரு உருண்டை சப்பாத்தி மாவு போதும்.

காய்ந்த ஸ்லைம் குப்பைக்கூடைக்குப் போகட்டும். சாக்கடையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். பொட்டலத்தில் மிஞ்சும் வெங்காரத்துக்கும் வீட்டில் ஒரு வேலை உண்டு. சர்க்கரையோடு கலந்து, குழந்தைக்கு எட்டாத மூலையில் வைத்தால் எறும்புக் கூட்டம் ஒழியும். வாயில் படக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.