ஒரு தடவை கேட்டால் போதாதா?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. விஷுவுக்கும் நம் சித்திரை முதல் நாளுக்கும் இரண்டே நாள் பாக்கி. அன்றைக்குப் பார்த்து நாடு முழுக்க யூ.பி.ஐ. படுத்துவிட்டது. நானிருக்கும் கழக்கூட்டமானாலும் சரி, உங்கள் அப்பா அம்மா இருக்கும் ஊரானாலும் சரி, போனை மட்டும் நம்பிக் கடைக்குப் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான். பிள்ளை அனுப்பிய பணம் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, காய்கறிக்காரருக்குக் கொடுக்கத்தான் வழியில்லை.

யூ.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. பிறகு காரணம் சொன்னது. சில வங்கிகளின் கணினிகள் "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?" என்று மாற்றி மாற்றிக் கேட்டுத் தள்ளிவிட்டனவாம். பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியும் விடாமல் கேட்டிருக்கின்றன.

வங்கிக்காரன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள், திரையில் சக்கரம் சுற்றுகிறது, பதில் வரவில்லை. உடனே வங்கியின் கணினி தானாகவே நிலவரம் கேட்கும். நல்ல ஏற்பாடுதான். பதில் தாமதமானால் மறுபடி கேட்கும். அதனால் அந்தப் பக்கம் வேலை கூடும், பதில் இன்னும் தாமதமாகும், இன்னும் அதிகமாகக் கேட்கும். கவுண்டரில் நிற்கும் மனிதர் நாலு தடவை கேட்டுவிட்டு அலுத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். இயந்திரத்துக்கு ஏது அலுப்பு? 2025 மார்ச்சில் மட்டும் சுமார் 1,830 கோடி யூ.பி.ஐ. பரிவர்த்தனைகள். அதில் ஒரு சிறு பங்குக்கு இப்படி ஆளாளுக்குக் கேட்டால் என்னாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது புது வியாதி இல்லை. 1986 அக்டோபரில், இணையம் குழந்தையாக இருந்தபோதே வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜம் தூரம். நடந்தே போய்விடலாம். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. ஆயிரம் இல்லை, நாற்பது! அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று நினைத்து ஒவ்வொரு கணினியும் திரும்பத் திரும்ப அனுப்ப, அந்த மறு அனுப்பலே பாதையை அடைத்துவிட்டது. வான் ஜேக்கப்சன் என்பவர் இதைக் குடைந்து பார்த்து 1988-ல் கட்டுரை எழுதினார். அவர் சொன்ன வைத்தியம் ரொம்ப எளிமை. பதில் வராவிட்டால் பாதையில் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைக் குறை, அடுத்த முயற்சிக்கு முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் காத்திரு, சரியான பிறகு மெதுவாக வேகம் கூட்டு. இன்றைக்கு நீங்கள் இதைப் படிக்க முடிவதற்கும் அந்த யோசனைதான் ஒரு காரணம்.

1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் எங்கள் வீட்டுப் பக்கம்தான். அங்கே பொட்டி தட்டும் பிள்ளைகளிடம் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். கோளாறு வந்தால் தானாக ஓடும்படி ஒரு வேலையை எழுதி வைக்கிறார்கள்: சர்வரைத் திருப்பிக் கிளப்பு, டியூட்டியில் இருப்பவரை எழுப்பு. கூடவே இன்னொரு வரியும் வேண்டும். ஒரு முறை ஓடியபின் இத்தனை நிமிடம் சும்மா இரு, மொத்தம் இத்தனை தடவைக்கு மேல் ஓடாதே. இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே கோளாறுக்கு ஐம்பது அழைப்பு வரும், ஐம்பத்தொன்றாவதாக வரும் நிஜமான ஆபத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். (ஆணி பிடுங்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள் :-))

யூ.பி.ஐ.க்கு அந்த இரண்டாவது வரியை என்.பி.சி.ஐ. 2025 மே மாதச் சுற்றறிக்கையில் எழுதியது. ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. நிலவரம் கேட்க வேண்டுமானால் சற்றுப் பொறுத்துத்தான், அதுவும் மொத்தம் மூன்றே தடவை. ஒரு செயலியில் நாளைக்கு 50 முறைதான் இருப்பு பார்க்கலாம். ஆட்டோபே தவணைகள் காலை 10 முதல் 1 மணி வரையும் மாலை 5 முதல் 9:30 வரையும் ஓடக்கூடாது. தவணை தோற்றால் மேற்கொண்டு மூன்று முயற்சி, அவ்வளவுதான்.

ஐம்பது முறை இருப்பு பார்ப்பவர் யார் என்று சிரிக்காதீர்கள். மாதக் கடைசியில் எங்கள் கிளைக்கு வந்து பாருங்கள். ஊரில் உங்கள் அப்பாவின் மருந்துச்சீட்டோ தம்பியின் கடன் தவணையோ ஆட்டோபேயில் இருந்தால், விடிகாலையிலேயே பணம் கணக்கில் இருக்கும்படி முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.